கொதிகலன் மட்டும் மிஞ்சும்

1914 யூலை 19. கனடாவின் வன்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதமாக நங்கூரமிட்டு நின்ற ஒரு யப்பானியக் கப்பலை ‘சீ லயன்’ என்ற இழுவைக் கப்பல் நெருங்கியது. அதில் நூற்றுக்கு மேற்பட்ட பொலிஸார் நின்றார்கள். கப்பலில் ஏறி அதைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்து, வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. இழுவைக் கப்பலின் தட்டு தாழ்வானது. பெரிய கப்பலின் தட்டோ ஆளுயரத்துக்கும் மேலே இருந்தது. அங்கே நின்ற பஞ்சாபிகள் நிலக்கரிக் கட்டிகளையும் செங்கற்களையும் அள்ளி அள்ளி வீசினார்கள். பொலிஸார் காயங்களோடு பின்வாங்கினார்கள்.

அந்தக் கப்பல் கொமகட்டா மாரு. இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றி எழுதும்போது அதற்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்குவார்கள். பயணிகளின் துணிவு, கனடாச் சட்டத்தின் நிறவெறி, கடைசியில் கல்கத்தாவுக்கு அருகே நடந்த துப்பாக்கிச் சூடு எல்லாம் அதில் வரும். கப்பலின் வயிற்றில் எரிந்த உலை மட்டும் வராது. அந்தப் பயணம் ஏன் அப்படித் தொடங்கி ஏன் அப்படி முடிந்தது என்பதற்கான விடையில் பாதி அந்த உலையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம்பிள்ளை விட்ட சுதேசிக் கப்பல்களின் கதைக்கும் இது பொருந்தும். எங்கள் மட்டக்களப்புக் கடலின் அடியில் கிடக்கும் கப்பல்களுக்கும் பொருந்தும்.

கொமகட்டா மாரு யப்பானில் பிறந்த கப்பல் அல்ல. 1890இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில், சார்ல்ஸ் கொனல் கம்பெனியின் தளத்தில் ஒரு ஜெர்மன் கப்பல் கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. முதற்பெயர் ஸ்டுபென்ஹுக். 1894இல் வேறொரு ஜெர்மன் கம்பெனி வாங்கி சிசிலியா என்று பெயரிட்டது. ஏறத்தாழ 100 மீற்றர் நீளமும் 3,000 தொன் கொள்ளளவும் கொண்ட சாதாரண நீராவிக் கப்பல்தான். ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடிப் போன வெள்ளைக்காரக் குடியேறிகளை அத்திலாந்திக்குக்கு அப்பால் ஏற்றிச்சென்றபோது அதை எந்தக் கரையும் மறிக்கவில்லை. 1913இல் யப்பானியர் வாங்கினார்கள். மறுவருடம் ஹொங்கொங்கில் குர்தித் சிங் என்ற பஞ்சாபி வணிகர் அதை வாடகைக்கு எடுத்தார். ஏப்ரல் 4ஆம் திகதி 165 பேருடன் புறப்பட்டு, ஷங்காய், மோஜி, யோக்கோஹாமா என்று மேலும் ஆட்களை ஏற்றி, 376 பயணிகளுடன் மே 23இல் வன்கூவரை அடைந்தார். சீக்கியர் 340 பேர், முஸ்லிம்கள் 24 பேர், இந்துக்கள் 12 பேர்.

இனி உலைக்கு வருவோம்.

தண்ணீர் ஆவியாகும்போது, சாதாரண வளியமுக்கத்தில் அதன் கனவளவு ஏறத்தாழ 1,600 மடங்காகப் பெருகும். அந்தப் பெருக்கத்தை ஓர் உருளைக்குள் அடைத்தால் ஆடுதண்டைத் தள்ளும். ஆடுதண்டு சுழற்சித்தண்டை உருட்டும். சுழற்சித்தண்டு கப்பலின் பின்புறத் திருகுவிசிறியைச் சுழற்றும். கொள்கை இவ்வளவுதான். ஆனால் ஒரே உருளைக்குள் நீராவியை முழுவதுமாக விரியவிட்டால் பெரிய நட்டம் வரும். நீராவி விரியும்போது குளிர்கிறது, அதனோடு உருளையின் சுவரும் குளிர்கிறது. அடுத்து வரும் சூடான நீராவி அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு, வேலை செய்யாமலே நீராகிவிடும். இதற்குக் கண்டுபிடித்த வழிதான் மும்மடி விரிவு இயந்திரம். நீராவியை முதலில் சிறிய உருளையிலும், பிறகு நடுத்தர உருளையிலும், கடைசியில் பெரிய உருளையிலும் படிப்படியாக விரியவிடுவார்கள். ஒவ்வோர் உருளையும் சிறிய வெப்பநிலை வித்தியாசத்தை மட்டுமே தாங்கினால் போதும். 1880களில் பரவிய இந்த இயந்திரந்தான் 1890இல் கட்டிய சரக்குக் கப்பல்களில் வழக்கமாக இருந்தது.

வேலை முடிந்த நீராவி ஒடுக்கிக்குள் போகும். அங்கே பித்தளைக் குழாய்களுக்குள் ஓடும் கடல்நீர் அதைக் குளிரவைத்து, மறுபடி நன்னீராக்கிக் கொதிகலனுக்கு அனுப்பும். இது சிறிய விடயம் அல்ல. கொதிகலனுக்கு உப்புநீரை ஊட்டினால், நீர் ஆவியாகி உப்பும் சுண்ணாம்பும் படிந்து, தகடு சூடேறி இளகிப்போகும் அபாயம் உண்டு. கடலின் நடுவில் மிதக்கும் ஒரு நீராவிக் கப்பலுக்கு, கரையில் உள்ள ஆலையைப் போலவே நன்னீர் வேண்டும்.

இவ்வளவு செய்தும், எரித்த கரியின் வெப்பத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் வேலையாக மாறியது. ஒரு குதிரைவலுவை ஒரு மணித்தியாலம் பெற ஏறத்தாழ 0.8 கிலோ கரி போகும். 1,000 குதிரைவலு இயந்திரம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 800 கிலோ, நாளுக்கு 19 தொன். யோக்கோஹாமாவிலிருந்து வன்கூவருக்கு இருபது நாள் என்றால் கிட்டத்தட்ட 400 தொன். அத்தனையும் மனிதக் கையால் அள்ளிப் போட்டது. நெருப்பூட்டுபவர் உலைக்கதவைத் திறந்து, கரியைத் தட்டியின் மேல் சமமாகப் பரவும்படி வீசி, உடனே கதவைச் சாத்த வேண்டும். திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் குளிர்காற்று புகுந்து அமுக்கத்தைக் குறைக்கும். பிறகு நீண்ட கம்பியால் தட்டியில் ஒட்டிய உருகற்சாம்பலைக் கிளறிப் பெயர்க்க வேண்டும். சாம்பலை வாரி மேலே ஏற்றிக் கடலில் கொட்ட வேண்டும். பிரிட்டிஷ் கப்பல்களில் இந்த வேலைக்கு ஆயிரக்கணக்கில் அமர்த்தப்பட்டவர்கள் இந்தியத் துணைக்கண்டத்து மாலுமிகள். சில்ஹெட் பகுதி வங்காளிகள் அதில் கணிசமானவர்கள்.

எரிபொருள் இல்லாத இயந்திரம் என்னவாகும் என்பதை எங்கள் பக்கத்து மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்பின் சித்தாண்டிக்கு அருகே உள்ள சந்திவெளியில் ஆற்றைக் கடந்து திகிலிவெட்டைக்குப் போகும் படகுக்கும் எஞ்சின் வேண்டும். 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் கரையோரமெங்கும் போட்டுகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. கிடைத்தபோது லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகிவிட்டது. கடல் அங்கேதான் இருந்தது, மீனும் இருந்தது, போட்டும் சொந்தமாக இருந்தது. போக மட்டும் முடியவில்லை.

பாய்க்கப்பலுக்கு இந்தக் கட்டு இல்லை. வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை 1937இல் ஓர் அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை அமெரிக்காவின் குளொஸ்டர் வரை ஓட்டிச்சென்று 1938இல் சேர்த்தார்கள். காற்றுக்கு யாரும் வரி போடவில்லை, அனுமதிச்சீட்டுக் கேட்கவில்லை. நீராவிக் கப்பல் காற்றிலிருந்து விடுதலை பெற்றது, அதற்கு ஈடாகக் கரைக்கு அடிமையானது. கரியேற்றும் துறை எங்கெங்கே இருக்கிறதோ அங்கங்கே தொட்டுத்தான் அது போக முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தத் துறைகளில் பெரும்பாலானவை பிரிட்டிஷாரின் கையில் இருந்தன. ஜிப்ரால்டர், மோல்ட்டா, ஏடன், கொழும்பு, சிங்கப்பூர், ஹொங்கொங். கொழும்புத் துறைமுகம் கிழக்கும் மேற்கும் போகும் கப்பல்களுக்குக் கரியேற்றியே பெரிதாக வளர்ந்தது. கூடை கூடையாகக் கரி சுமந்தவர்களில் பலர் தென்னிந்தியத் தொழிலாளர்.

கனடா போட்ட சட்டத்தின் தந்திரம் இந்தக் கணக்கில்தான் ஒளிந்திருந்தது. 1908இல் வந்த அந்த விதி இந்தியர் என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. பிறந்த நாட்டிலிருந்து இடையில் முறியாத ஒரே பயணமாக, அங்கேயே வாங்கிய சீட்டோடு வருகிறவருக்கே அனுமதி என்று மட்டும் சொன்னது. கூடவே ஆளுக்கு 200 டொலர் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. கல்கத்தாவிலிருந்து வன்கூவருக்கு வருகிற கப்பல் எதுவும் வழியில் நில்லாமல் வர இயலாது. கரியும் தண்ணீரும் அதை அனுமதிக்காது. நேரடிச் சீட்டு விற்கக்கூடிய கம்பெனியையும் அரசு தடுத்துவைத்தது. மனிதரின் நிறத்தைப் பார்த்து மறிப்பதைச் சட்டத்தின் மொழியில் எழுதக் கூச்சப்பட்டவர்கள், நீராவி இயந்திரத்தின் குறையைப் பிடித்துக்கொண்டு அதையே எழுதினார்கள். ஒரு பொறியியல் வரம்பு இவ்வளவு துல்லியமாக இனப்பாகுபாட்டுக்குப் பயன்பட்ட இன்னொரு சந்தர்ப்பத்தை நான் அறியேன்.

கொமகட்டா மாருவுக்கு எட்டு வருடம் முன்பே தூத்துக்குடியில் இதே போராட்டம் வேறு வடிவில் நடந்திருந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் ஏகபோகம். அதை உடைக்க 1906 ஒக்டோபரில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவுசெய்தார். 25 ரூபாப் பங்குகள் 40,000, மூலதனம் 10 இலட்சம். முதலில் பம்பாயின் ஷாலைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தார். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கியதும் அந்த வாடகை முறிந்தது. உடனே கொழும்புக்கு வந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். சொந்தக் கப்பல் இல்லாமல் இந்தப் போரை வெல்ல முடியாது என்று அதிலேயே அவருக்குத் தெளிந்துவிட்டது. 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. காலியாவில் 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் ஏறலாம்.

பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை இறக்கியது. சுதேசிக் கம்பெனியும் இறக்கியது. ஒரு ரூபாவுக்கும் கீழே போனது. கடைசியில் வெள்ளைக்காரன் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தான் என்று தூத்துக்குடியில் இன்றும் சொல்வார்கள். இந்தக் கட்டணப் போர் ஒரு நீராவிக் கப்பலை எப்படிக் கொல்லும் என்பதைப் பௌதிகம் சொல்கிறது. ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தால், 1,300 பயணிகளின் மொத்த எடை 78 தொன். கப்பலின் உடல், இயந்திரம், கொதிகலன், கரி, சரக்கு எல்லாம் சேர்ந்த எடையின் முன் அது சிறிய பங்கு. கப்பலைத் தடுப்பது தண்ணீரின் எதிர்ப்பு. 1,300 பேர் ஏறினாலும் 130 பேர் ஏறினாலும் அந்த எதிர்ப்பு பெரிதாக மாறாது. ஆகவே கரிச் செலவும் மாறாது. பயணிகளை இழந்த கப்பல் முழுக் கரியையும் எரித்துக்கொண்டே வெறுமையாக ஓடும். மிச்சம் பிடிக்க ஒரே வழி வேகத்தைக் குறைப்பது. வேகம் இரட்டித்தால் வேண்டிய வலு எட்டு மடங்காகும் என்பதால், கொஞ்சம் மெதுவாகப் போனாலே கரி நன்றாக மிஞ்சும். ஆனால் போட்டிக் கப்பல் முன்னே போய்ச் சேரும்போது யார் மெதுவாகப் போவார்கள்? நூற்றுக்கு மேற்பட்ட கப்பல் வைத்திருந்த கம்பெனிக்கு ஒரு தடத்தில் நட்டப்படுவது தாங்கக்கூடியது. இரண்டே கப்பல் வைத்திருந்தவருக்கு ஒவ்வோர் ஓட்டமும் மூலதனத்தில் விழுந்த வெட்டு.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். அவர் சிறையில் இருந்தபோதே, 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா எதிரிக் கம்பெனியிடமே போய்ச் சேர்ந்தது. கப்பலின் உடல் சொந்தமாக இருந்தால் போதாது, கரி, துறை, காப்பு, சீட்டு என்ற முழுச் சங்கிலியும் வேண்டும் என்பதை அந்த மனிதர் தன் வாழ்நாளைக் கொடுத்து அறிந்தார்.

வன்கூவரில் கொமகட்டா மாருவுக்கு நடந்ததும் சங்கிலியை இறுக்கிய கதைதான். ஏற்கெனவே கனடாவில் வாழ்ந்த இருபது சொச்சம் பேரை மட்டும் இறங்கவிட்டார்கள். மற்றவர்கள் கரை தெரியும் தூரத்தில் நின்றார்கள். மோஜியில் ஏற்றிய கரியை வன்கூவரில் விற்று வாடகை கட்டலாம் என்ற குர்தித் சிங்கின் கணக்கு நடக்கவில்லை. வன்கூவரில் இருந்த இந்தியர் 22,000 டொலர் திரட்டிக் கப்பலின் வாடகைத் தவணையைக் கட்டினார்கள். உணவும் குடிநீரும் குறைந்தன. அதிகாரிகள் கொடுப்பதைத் தாமதித்தார்கள். ஓடாத நீராவிக் கப்பலின் கொடுமை இங்கேதான் தெரியும். கடல்நீரைக் காய்ச்சி நன்னீர் எடுக்கவும் கரி வேண்டும், விளக்குக்கும் சமையலுக்கும் கரி வேண்டும். நின்றுகொண்டே தன்னைத் தின்னும் இயந்திரம் அது. யூலை 6ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றமும் கையை விரித்தது. கப்பலைப் புறப்படச் செய்ய மாலுமிகளைப் பயணிகள் விடவில்லை. கரிக்கட்டிகள் பறந்த அந்தச் சண்டைக்குப் பிறகு, கனடாவின் போர்க்கப்பல் ரெயின்போ கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. திரும்பும் பயணத்துக்கான உணவைத் தர அரசு இணங்க, யூலை 23இல் கொமகட்டா மாரு புறப்பட்டது.

அது திரும்பி வருவதற்குள் முதலாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. செப்டெம்பர் 29இல் ஹூக்ளி ஆற்றங்கரையின் பட்ஜ் பட்ஜில் பயணிகளை இறக்கி, ரயிலேற்றிப் பஞ்சாபுக்கு அனுப்ப முயன்றார்கள். அவர்கள் மறுத்துக் கல்கத்தா நோக்கி நடந்தார்கள். மறித்தவர்கள் சுட்டார்கள். ஏறத்தாழ இருபது பயணிகள் இறந்தார்கள். குர்தித் சிங் தப்பி வருடக்கணக்காகத் தலைமறைவாக இருந்தார். அமெரிக்காவிலும் கனடாவிலும் வேரூன்றி இந்திய விடுதலைக்காக உழைத்த கதர் கட்சிக்கு இந்தச் சம்பவத்தைவிட வலுவான பிரசாரம் தேவைப்படவில்லை. பேரரசின் பிரஜை என்றால் பேரரசுக்குள் எங்கும் போகலாம் என்று நம்பியிருந்த ஆயிரக்கணக்கான பஞ்சாபிகள், பிரிட்டிஷ் படையில் சேவை செய்தவர்கள் உட்பட, அந்த நம்பிக்கையை விட்டார்கள். பட்ஜ் பட்ஜில் நினைவுச்சின்னத்தை 1952இல் நேரு திறந்துவைத்தார். அங்குள்ள ரயில் நிலையத்துக்கும் பிறகு கப்பலின் பெயரைச் சேர்த்தார்கள். கனடாப் பிரதமர் 2016 மே மாதம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

எங்கள் ஊர்களில் இந்தக் கதையைப் படிக்கும் ஒருவருக்கு அது தூரத்துக் கதையாக இராது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களைக் கனடிய மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 தமிழர் வன்கூவர்த் தீவின் எஸ்குவிமால்ட்டை அடைந்து தடுத்துவைக்கப்பட்டார்கள். அப்போது கனடாப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப எழுந்த பெயர் கொமகட்டா மாரு.

கப்பல் என்னவானது? அது மறுபடியும் சரக்குச் சுமக்கப் போனது. 1924இல் ஹெயான் மாரு என்று பெயர் மாறியது. 1926 பெப்ரவரி 11ஆம் திகதி, நடுக்குளிர்காலத்தில், ஹொக்கைடோக் கரையின் முனை ஒன்றில் மோதி அழிந்தது. அப்போது அதற்கு வயது 35. பசிபிக்கின் சூக் நீரேரியில் சுழியோடிகள் படம்பிடிக்கும் ஹெயான் மாரு வேறு கப்பல். அது 1930இல் கட்டப்பட்டு 1944இல் அமெரிக்க விமானத் தாக்குதலில் மூழ்கியது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.

பாறையில் மோதிய கப்பல் பெரும்பாலும் துருவால் சாவதில்லை. மிதக்கும்போது தண்ணீர் அதன் முழு நீளத்தையும் கீழிருந்து தாங்குகிறது. பாறையில் ஏறியதும் அந்தத் தாங்கல் ஓரிரு இடங்களுக்குக் குறுகிவிடும். ஆயிரக்கணக்கான தொன் எடை அந்த இடங்களில் இறங்கும். அலை ஒவ்வொரு முறையும் கப்பலைத் தூக்கிப் போடும். 1890இல் கட்டிய கப்பலில் தகடுகளை இணைத்தவை தறையாணிகள். ஓர் ஆணி அறுந்தால் அதன் சுமை பக்கத்து ஆணிக்குப் போகும், அதுவும் அறும். இப்படி முதுகு முறிந்த கப்பலைக் குளிர்காலப் புயல்கள் துண்டுதுண்டாக்கும்.

அமைதியாக அடியில் போய்ப் படுத்த கப்பலின் கதை வேறு. அதைப் படிக்க மட்டக்களப்புக் கடலைவிட நல்ல இடம் குறைவு.

1942 ஏப்ரல் 9. திருகோணமலையை யப்பானிய விமானங்கள் தாக்கிய அதே காலை, அங்கிருந்து தெற்கே விலகி வந்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. அன்று அதில் விமானங்கள் இல்லை. 307 பேர் இறந்தார்கள். வைத்தியக் கப்பல் வீற்றா நூற்றுக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது. கூடவந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. அதே நாளில் இதே கடற்பரப்பில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் மூழ்கியது. ஹேர்மிஸ் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. பிரிட்டிஷ் சார்ஜன்ட் கல்குடாப் பக்கமாக, 20 சொச்சம் மீற்றரில் கிடக்கிறது.

ஹேர்மிஸும் நீராவிக் கப்பல்தான். கரிக்குப் பதிலாக எண்ணெயை எரித்தது, ஆடுதண்டுக்குப் பதிலாக சுழலிகள் இருந்தன. கரியேற்றும் துறையின் இடத்தை எண்ணெய்த் தாங்கியும் எண்ணெய்க் கப்பலும் எடுத்துக்கொண்டிருந்தன. எனவே அன்று யப்பானியர் தாக்கியது போர்க்கப்பல்களை மட்டுமல்ல. திருகோணமலையின் எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றும் நாட்கணக்கில் எரிந்தது. வ.உ.சி.யையும் குர்தித் சிங்கையும் நெரித்த அதே எரிபொருட் சங்கிலி, இந்து சமுத்திரத்தில் முதன்முறையாகப் பிரிட்டிஷாரின் கையிலேயே அறுந்தது. அங்கிருந்த அவர்களுடைய கடற்படையின் பெரும்பகுதி கிழக்காபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது. ஐந்து வருடத்தில் இந்தியாவும் ஆறு வருடத்துக்குள் இலங்கையும் சுதந்திரம் பெற்றதற்குக் காரணங்கள் பல. வெல்லமுடியாத கடற்படை என்ற நம்பிக்கை எங்கள் கரைக்கு முன்னால் மூழ்கியது அவற்றில் ஒன்று.

இனித் துரு. உருக்கின் இரும்பணு இரண்டு இலத்திரன்களை இழந்து அயனாகி நீரில் இறங்குகிறது. அந்த இலத்திரன்கள் உலோகத்தின் ஊடாகவே வேறொரு புள்ளிக்கு ஓடி, அங்கே நீரில் கரைந்த ஒட்சிசனைச் சந்திக்கின்றன. சுற்றை முழுமையாக்குவது உப்புநீர். நன்னீரைவிடப் பல மடங்கு நன்றாக அது மின்னைக் கடத்தும். பித்தளைக் குழாயோ வெண்கலத் திருகுவிசிறியோ உருக்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே மின்கலமே உருவாகும். வெண்கலம் பிழைக்கும், பக்கத்து உருக்குக் கரையும். ஹொக்கைடோவின் உறைகுளிர் நீர் எங்கள் 28 பாகை நீரைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். ஆனால் குளிரில் தாக்கம் மெதுவாக நடக்கும், உயிரினங்களும் மெதுவாக வளரும்.

எங்கள் சூடான நீரில் உயிர்கள் முந்திக்கொள்கின்றன. ஒட்சிசன் இலத்திரனைப் பெறும் இடத்தில் நீர் காரத்தன்மை அடையும். கல்சியம் காபனேற்று அங்கே படியும். அதன் மேல் சுண்ணாம்புப் பாசி, சிப்பி, குழாய்ப்புழு, முருகைக்கல் எல்லாம் குடியேறும். சில வருடத்தில் உருக்கின் மேல் கல்போன்ற ஓடு உண்டாகிவிடும். மீன் கூடும். எங்கள் மீனவருக்கு இந்த இடங்கள் மீன் பிடிபடும் இடங்களாகவும் வலை சிக்கும் இடங்களாகவும் ஒருசேரத் தெரியும். அந்த ஓட்டை ஓரிடத்தில் உடைத்தால் உள்ளே கறுப்பு. ஒட்சிசன் புகாத அந்த இருட்டில் சல்பேற்றைத் தின்னும் பற்றீரியாக்கள் இரும்புச் சல்பைட்டை உண்டாக்கியிருக்கும். மேலே கொண்டுவந்தால் அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் பட்டதும் கறுப்பு செம்மஞ்சளாக மாறும். ஓடு அரிப்பை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது. நீண்டகாலச் சராசரி வருடத்துக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர்.

இந்த எண்ணை வைத்துக் கணக்குப் பாருங்கள். கப்பலின் பக்கத் தகடு 12 மில்லிமீற்றர் தடிப்பு என்றால், இருபுறமும் தேய்ந்து 60 வருடத்தில் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே தன் எடையைத் தாங்காமல் சரியும். கொதிகலனின் நிலை வேறு. 11 வளிமண்டல அமுக்கத்தைத் தாங்க வேண்டிய நான்கு மீற்றர் விட்டமுள்ள உருளைக்கு ஏறத்தாழ 30 மில்லிமீற்றர்த் தகடு வேண்டும். சுற்றிவர வளைந்த உருளை வடிவம் என்பதால் அலையும் மண்ணும் அதை எளிதில் நசுக்காது. உள்ளே நீரோட்டம் இல்லாததால் ஒட்சிசனும் குறைவு. பக்கத் தகடுகள் மணலோடு மணலாகி வெகுகாலம் ஆன பிறகும் கொதிகலன்கள் நிமிர்ந்து நிற்பதைப் பழைய நீராவிக் கப்பல்கள் கிடக்கும் இடமெல்லாம் காணலாம். பெயர் எழுதியிருந்த முகப்பும், பயணிகள் நின்ற தட்டும், தலைவர்கள் பேசிய மேடையும் முதலில் போகும். நெருப்பு எரிந்த இடம் கடைசியில் போகும். நிலக்கரியும் போகாது. அது ஏற்கெனவே கல்லானது, கப்பற்புழுக்களுக்கும் உணவாகாது. நூற்றாண்டு கழிந்தும் கரியறைகளில் குவியலாகக் கிடக்கும்.

அதனால்தான் நான் பழைய இரும்பு வியாபாரத்தை நினைத்துக் கவலைப்படுகிறேன். வெண்கலத்துக்கும் பித்தளைக்கும் நல்ல விலை உண்டு. அவை இருப்பது திருகுவிசிறியிலும் ஒடுக்கியிலும், அதாவது இயந்திர அறையில். வெடிவைத்துப் பெயர்த்தால் அந்த அறையே முதலில் சிதறும். ஓடு உடைந்த இடத்தில் அரிப்பு மறுபடி வேகமெடுக்கும். கடலடிப் பண்பாட்டு மரபைப் பற்றிய யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை, நூறு வருடம் நீருக்கடியில் கிடந்தவற்றையே மரபு என்று கணக்கிடுகிறது. கொமகட்டா மாருவின் சிதைவு 2026 பெப்ரவரியில் அந்த வயதை எட்டுகிறது. எங்கள் கரையின் ஹேர்மிஸும் பிரிட்டிஷ் சார்ஜன்டும் 2042 வரை காத்திருக்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. பேர்ள் துறைமுகத்தில் கிடக்கும் அரிசோனாவில் அமெரிக்க ஆய்வாளர்கள் வருடக்கணக்காகச் செய்தது அது. ஓட்டில் சிறு துளையிட்டு, உள்ளே அமிலத்தன்மையையும் மின்னழுத்தத்தையும் அளந்து, மிஞ்சிய உருக்கின் தடிப்பைப் பார்த்து, துளையை மறுபடி அடைத்துவிடுவார்கள். தொடர்ச்சியாக அளந்தால் எந்தத் தகடு ஏறத்தாழ எப்போது சரியும் என்று முன்கூட்டிச் சொல்லலாம். சித்தாண்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில், வந்தாறுமூலையில், விஞ்ஞான பீடத்தோடு கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடல் அமைதியாகும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை பாசிக்குடாவிலிருந்து சுழியோடும் படகுகள் போகின்றன. இரண்டையும் இணைத்து, முதலில் பிரிட்டிஷ் சார்ஜன்டின் இயந்திர அறையில் இருந்து தொடங்கலாம்.